நான்கு விரல் கனம்

மோலோய்,
1984 மார்ச் 5

யோருனுக்கு,

இக்கடிதத்தைத் தபால்தலை ஒட்டி அனுப்புவதற்குக் காரணம் உண்டு. நம் இருவருக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மரச்சுவர். நீ பாத்திரம் கழுவும் ஓசை இந்த நிமிடம்கூட எனக்குக் கேட்கிறது. ஆயினும் அந்தச் சுவரின் வழியாகவோ வாசற்படியில் நின்றோ சொல்லப்பட்ட எதற்கும் இந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளாக மதிப்பில்லை. தேதியும் முத்திரையும் உள்ள காகிதத்தை மறுப்பது கடினம்.

அப்பா நமக்குப் பிரித்துக் கொடுத்த வீட்டில் எனக்குரிய கிழக்குப் பாதியை விற்றுவிட முடிவு செய்திருக்கிறேன். பேர்கன் நகரில் செங்கல்லால் கட்டிய குடியிருப்பு ஒன்றில் இரண்டு அறைகள் பார்த்திருக்கிறேன். அங்கே வெளிச்சுவர் என்பது வேறு யாரோ கவலைப்பட வேண்டிய விஷயம். ஐம்பத்தாறு வயதில், பள்ளி ஆசிரியன் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய சுகம் அதுவே என்று கருதுகிறேன்.

ஆனால் விற்க முடியவில்லை. தரகர் அனுப்பிய மதிப்பீட்டாளர் நேற்று வந்தார். முகப்பின் நடுவில், உன் பாதி என் பாதியைவிட நான்கு விரல் முன்னே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் கையை வைத்தார். "இது என்னங்க, ஒரு வீடா ரெண்டு வீடா?" என்று கேட்டார். உள்ளே வந்து என் படிப்பறைச் சுவரில் ஓர் ஆணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சுத்தியல் தேவைப்படவில்லை.

நடந்ததை மீண்டும் எழுதி வைக்கிறேன். தேர்வுத்தாள் திருத்த நான் பேர்கன் சென்றிருந்த ஒரே வாரத்தில், உன் கணவர் ஆர்ன்ஃபின் உங்கள் பாதியின் பழைய பலகைகளைக் கழற்றாமல், அவற்றின்மேல் குளிர் புகாமலிருக்கக் கண்ணாடிப் பஞ்சை வைத்து, அதன்மேல் புதுப் பலகை அடித்தார். நடுவே காற்று ஓட இடம் விடவில்லை. சுவர் முன்னே வந்தது. ஜன்னல்கள் இருந்த இடத்திலேயே குழிக்குள் நின்றுவிட்டன. தென்மேற்குக் காற்று மழையை உங்கள் முகப்பின் குறுக்கே ஓட்டிவந்து, அந்த விளிம்பில் சேர்த்து, என் பலகைகளுக்குப் பின்னால் கொட்டுகிறது. என் புத்தகங்களில் பூஞ்சை பிடித்திருக்கிறது.

இலையுதிர்காலப் புயல்களுக்கு முன் உங்கள் புது அடுக்கு அகற்றப்பட வேண்டும். வேறு கோரிக்கை இல்லை.

ஹால்வார்

❖

மார்ச் 14

அண்ணா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நம் இரண்டு தபால் பெட்டிகளும் ஒரே கம்பத்தில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. தபால்காரர் ஊட்வார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முத்திரையையே பார்த்தார். "யோருன், உங்கண்ணன் கடுதாசி பேர்கன் வரைக்கும் போய்ட்டு வந்திருக்கு. நீ கடைசியா எப்ப பேர்கன் போன?" என்றார். எனக்கே நினைவில்லை.

மீன் ஆலையில் காபி இடைவேளையில் மூன்று முறை படித்தேன். எல்லாம் எழுதியிருக்கிறாய், ஒன்றை விட்டுவிட்டாய். அந்த விளிம்பில் தண்ணீர் இறங்கக் கூடாது என்று ஆர்ன்ஃபின் துத்தநாகத் தகடு வைத்தாரே, அது எங்கே போனது? உன் பலகைக்கு அடியில் இரண்டு விரல் செருகி, மேலிருந்து கீழ்வரை ஒரே தகடாக வைத்தார். நீ பேர்கனிலிருந்து வந்ததும் பதிவுத் தபால் அனுப்பினாய், உன் எல்லைக்குள் எதுவும் வரக் கூடாது என்று. அவரும் எடுத்துவிட்டார்.

இன்னொன்றும் விட்டுவிட்டாய். அரசுக் கடன் கிடைக்கிறது, இரண்டு பாதியையும் சேர்த்தே போர்த்திவிடலாம் என்று அவர் முதலில் உன் வாசலுக்குத்தான் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. நீ "அப்பா அடித்த பலகை இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். நிற்கும்தான், உன் பக்கம். புயல் வரும் மேற்குப் பக்கம் முழுவதும் என் சுவர். நாற்பது வருஷமாக உன் சுவர் நனையாமல் இருந்தது அதன் முன்னால் என் சுவர் நிற்பதால்தான்.

ஜன்னல் குழிக்குள் போய்விட்டது உண்மை. வெளிச்சம் இல்லாமல் என் ஜெரேனியம் செடி ஒன்றுகூடப் பூக்கவில்லை. ஆர்ன்ஃபினிடம் அதைச் சொன்னதில்லை.

இப்போது நீயே சொல். நான் சுவரைச் சரிசெய்தால் நீ விற்றுவிட்டுப் போய்விடுவாய், யாரோ வந்து அந்தப் பக்கம் இருப்பார்கள். சரிசெய்யாவிட்டால் நீ இங்கேயே இருப்பாய், ஆனால் இப்படியே கோபமாக இருப்பாய். உன் தங்கை எதைச் செய்ய வேண்டும் என்கிறாய்?

யோருன்

❖

மார்ச் 22

யோருனுக்கு,

தகட்டைப் பற்றி. என் பலகைகளில் என் அனுமதியின்றி எதுவும் பொருத்தப்படக் கூடாது என்று எழுதினேன், மறுக்கவில்லை. அதைப் படித்த ஒருவர் என் கதவைத் தட்டி அனுமதி கேட்டிருக்கலாம். உன் கணவர் மறுநாள் மாலையே ஏணியைச் சாய்த்து, எல்லைக்கோட்டின்மேல் அளவுகோலைப் பிடித்து, அத்தகட்டை மயிரிழை பிசகாமல் கத்தரித்தார். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்படிதலை ஆயுதமாக ஏந்துவதில் அவருக்கு இணையானவரை நான் கண்டதில்லை.

தொப்பியைப் பற்றி. அவர் அதைக் கையில் பிடித்திருந்தார் என்பது உண்மை. கையெழுத்துக்கான காகிதத்தை மறு கையில் பிடித்திருந்தார் என்பதும் உண்மை. எனக்கு யோசிக்க ஓர் இரவுகூடத் தரப்படவில்லை. "இப்ப சொல்லுங்க, ஆபீஸ் நாளைக்கு மூடிடும்" என்றார்.

உன் கேள்வியைப் பற்றி. அதற்கு விடை சொல்ல நான் கடமைப்பட்டவன் அல்லன். சுவர் ஒழுகுகிறது, ஒழுகும் சுவர் சரிசெய்யப்பட வேண்டும். அதன் மறுபுறம் யார் வசிக்கப்போகிறார்கள் என்பது கட்டுமானம் சார்ந்த கேள்வி அன்று.

கிறிஸ்துமஸ் மாலையில் நீங்கள் மரத்தைச் சுற்றி வந்து பாடியது எனக்கு முழுவதும் கேட்டது. இது புகார் அன்று. நடுச்சுவரின் தன்மை பற்றிய தகவல்.

ஹால்வார்

❖

ஏப்ரல் 8

அண்ணா,

தச்சர் ஐவின்டை வரவழைத்தேன். நீ பள்ளியில் இருந்தாய். பயப்படாதே, உன் பக்கம் யாரும் தொடவில்லை. என் பக்கத்துப் புதுப் பலகை ஒன்றை மட்டும் நெம்பி எடுத்தார். உள்ளே பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. அதற்குப் பின்னால் அப்பா அடித்த பலகை கறுத்துப்போயிருந்தது. ஐவின்ட் முகர்ந்து பார்த்துவிட்டு ஆர்ன்ஃபினைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா இதை அடிச்சது?"

"நான்தான்."

"நல்லா அடிச்சிருக்க. மூச்சு விட முடியாத அளவுக்கு."

ஆர்ன்ஃபின் உள்ளே போய் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் ஃபெரிப் படகில் மாலுமி, தச்சர் இல்லை. குளிர்காலத்தில் நான் சமையலறையில் கோட் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் இதைச் செய்தார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன், மன்னிக்கச் சொல்லி இல்லை.

ஐவின்ட் சொன்னது இதுதான்: "ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு நீ நாலு விரல் உள்ள போ. இல்ல, உங்கண்ணன் நாலு விரல் வெளிய வரட்டும். நடுவுல எதையாவது ஒட்டவச்சு ஏமாத்த என்னால ஆகாது. மே, ஜூன்ல செய்யணும், மலைக்காத்து காஞ்சு அடிக்கறப்ப. செப்டம்பர்னா நான் வரமாட்டேன்."

பெயின்ட் பற்றிக் கேட்டேன். "புதுப் பலகையை ஒரு வருஷம் சும்மா விடணும். மழையும் வெயிலும் பட்டு அடங்கட்டும். அப்புறம் பூசு" என்றார்.

நான் உள்ளே போகமாட்டேன் அண்ணா. இரண்டு குளிர்காலம் கோட் இல்லாமல் சமைத்துவிட்டேன். நீ வெளியே வா.

யோருன்

❖

ஏப்ரல் 19

யோருனுக்கு,

கட்டிடவியல் வழிகாட்டிகளை நூலகத்தின் மூலம் வரவழைத்துப் படித்தேன். நம் கரையோரக் காலநிலையில் ஒரு மரவீட்டுக்கு வெளிப்புறமாகப் பஞ்சு சேர்ப்பது சரியான முடிவு என்றும், நான்கு விரல் கனம் பொருத்தமானது என்றும் அவை ஒருமனதாகச் சொல்கின்றன. எனவே, உன் கணவர் எடுத்த முடிவு சரி. செய்த விதம் குற்றம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத நேர்ந்தது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

நான் வெளியே வருகிறேன். கனம் உங்களுடையது, முறை என்னுடையது. இரண்டு பாதிகளிலும் எல்லாப் பலகைகளும் கழற்றப்பட்டு, பழைய மரக்கட்டுவரை திறக்கப்பட வேண்டும். புதுப் பஞ்சின்மேல் காற்றுத் தடுப்புத் தாள்; அதன்மேல் சட்டங்கள், பலகைக்குப் பின்னால் காற்று கீழிருந்து மேலே ஓடும்படி. பலகையில், மரத்தின் நடுத்தண்டைப் பார்த்திருந்த பக்கம் வெளியே தெரிய வேண்டும். மறுபக்கம் வெளியே இருந்தால் பலகை வளைந்து விளிம்பு தூக்கும். எல்லா ஜன்னல்களும் முன்னே நகர்த்தப்பட வேண்டும். உன் ஜெரேனியங்களை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று எண்ணாதே.

ஐவின்ட் சொன்ன ஓராண்டுக் காத்திருப்பு இந்தக் கரையில் எல்லோரும் நம்பும் மூடநம்பிக்கை. வெறும் மரத்தின் மேற்பரப்பை வெயில் சில வாரங்களிலேயே அழித்துவிடுகிறது. அழிந்த மரத்தில் பெயின்ட் பிடிக்காது. பலகைகள் சுவரேறும் முன்பே, தரையில் இருக்கும்போதே, முதல் பூச்சுப் பூசப்பட வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. பெயின்டை வரவழைப்பது என் பொறுப்பு.

இறுதியாக: எல்லைக்கோடு முகப்பில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தரகர் விரும்புகிறார். மேலும், நான் இல்லாதபோது என் பாதியில் ஓர் ஆணிகூட அசைக்கப்படக் கூடாது. இம்முறை நான் பேர்கனில் இருக்கமாட்டேன்.

ஹால்வார்

❖

ஜூன் 6

அண்ணா,

பகல் முழுவதும் ஒரே சாரத்தில் நிற்கிறோம், நீ வாயைத் திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மே பதினேழாம் தேதி, தேசிய தினத்தன்று, ஊரே வீட்டைக் கழுவிப் பூசிக் கொடியேற்றி நின்றது. நம் வீடு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஊர்வலத்தில் போனவர்கள் எல்லோரும் நம் வாசலில் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள், கவனித்தாயா? ஊட்வார் ஊதுகுழல் வாசிப்பதையே நிறுத்திவிட்டு, "அடடே, ரெண்டு பேரையும் ஒரே கம்பளிக்குள்ள போட்டாச்சா!" என்று கத்தினார். நீ உள்ளே போய்விட்டாய். ஆர்ன்ஃபின் சிரித்தார், நானும் சிரித்தேன்.

நீயும் ஆர்ன்ஃபினும் ஐவின்ட் வழியாகவே பேசுவதை இனி நிறுத்துங்கள். நேற்று அவர் பொறுமை இழந்துவிட்டார். நீ, "ஐவின்ட், அந்த முனையைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள்" என்றாய். ஆர்ன்ஃபின், "ஐவின்ட், தூக்கியாச்சுன்னு சொல்லு" என்றார். ஐவின்ட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "நான் தச்சனா, தந்தி ஆபீஸா?" என்று கேட்டார்.

நடுப்பலகை விஷயம். கோட்டின் இந்தப் பக்கம் என் கடைசி அடிப்பலகை, அந்தப் பக்கம் உன் முதல் அடிப்பலகை. நடுவில் உள்ள இடைவெளியை மூட அவற்றின்மேல் ஒரு பலகை வர வேண்டும். அது பாதி உன்மேலும் பாதி என்மேலும்தான் உட்காரும், வேறு வழியில்லை. "இது யாரோட பலகை?" என்று ஐவின்ட் கேட்டபோது நீ மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான்தான், "தெரியாது, அடிங்க" என்றேன். இப்போது எல்லைக்கோடு அந்தப் பலகைக்கு அடியில் இருக்கிறது. தரகருக்கு வேண்டுமானால் கழற்றிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெயின்ட் எங்கே? மேற்குச் சுவர் முழுவதும் வெறும் மரமாகவே ஏறிவிட்டது. "தரையில வச்சே பூசணும்னு உங்கண்ணன் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாரு. டின்னைக் காணோமே?" என்று ஐவின்ட் தினமும் கேட்கிறார். ஈரம் வருவதற்குள் பலகையை ஏற்றியாக வேண்டும், காத்திருக்க முடியாது என்கிறார்.

யோருன்

❖

ஜூன் 15

யோருனுக்கு,

பெயின்ட் வருவது தாமதமாகிறது.

என் படிப்பறைச் சுவரைத் திறந்தபோது நீ வேலையில் இருந்தாய், ஆகவே தெரிவிக்கிறேன். நடுத்தூணில் அழுகல் ஒரு சாண் நீளத்துக்கு மட்டுமே ஏறியிருந்தது. இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் இரண்டு பாதிகளின் மேல்தளமும் அமர்ந்திருக்கும் அந்தத் தூணை முழுவதுமாக இழந்திருப்போம். ஐவின்ட் கெட்டதை அறுத்தெடுத்துப் புதுக்கட்டை பொருத்தினார். அந்தக் கட்டையை அளந்து அறுத்தவர் ஆர்ன்ஃபின். வெட்டு நேராக இருந்தது. இதை ஐவின்ட் வழியாக அவரிடம் சொல்ல முயன்றேன், ஐவின்ட் மறுத்துவிட்டார். ஆகவே நேரடியாகச் சொல்ல நேர்ந்தது. அவர் "ம்" என்றார்.

வேலை செய்யும்போது அவர் சீழ்க்கை அடிப்பது நின்றால் நன்று. ஒரே பாட்டின் முதல் வரியை மட்டும் அடிக்கிறார்.

தரகர் ஆகஸ்ட்டில் வீடு பார்க்க ஆட்களை அழைத்து வருகிறார்.

ஹால்வார்

❖

ஆகஸ்ட் 20

அண்ணா,

சாரம் பிரித்தாகிவிட்டது. ஃபெரியிலிருந்து பார்த்தால் நம் வீடு ஒரே வீடாகத் தெரிகிறது என்று ஆர்ன்ஃபின் சொன்னார். அன்று மாலை நானும் அக்கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உண்மைதான். ஜன்னல்கள் முன்னே வந்துவிட்டன. ஒரு ஜெரேனியம் மொட்டு விட்டிருக்கிறது.

தரகர் சனிக்கிழமை வீடு வாங்க விரும்பும் ஒரு பல் மருத்துவரையும் அவர் மனைவியையும் அழைத்து வந்தபோது நீ நடக்கப் போயிருந்தாய். அந்தப் பெண் வேலியருகே வந்து என்னிடம், "பக்கத்துல இருக்கறவங்க எப்படி? சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டாள். "அது நான்தான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பாடுவோம்" என்றேன். நல்ல பெண். வீடு பிடித்துவிட்டது என்றாள். ஈரமே இல்லை என்று அவள் கணவன் சுவரைத் தடவிப் பார்த்தான். தரகர் என்னிடம், "எல்லாம் சுத்தம். பெயின்ட் ஒண்ணுதான் பாக்கி. பூசினதும் போட்டோ எடுத்துட்டா, செப்டம்பர் முடியறதுக்குள்ள கையெழுத்து முடிஞ்சிடும்" என்றார்.

மார்ச்சில் உன்னை ஒரு கேள்வி கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. சுவர் ஒழுகினால் சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் எழுதினாய். சரிசெய்தாகிவிட்டது. நீ போகலாம். இருக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன், அப்படிக் கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும்.

பெயின்ட் மட்டும் வரவேண்டும். அது உன் பொறுப்பு.

யோருன்

❖

செப்டம்பர் 2

யோருனுக்கு,

பெயின்ட் தொடர்பாக என் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்துகிறேன்.

இப்பிரச்சினையை மறுபரிசீலனை செய்தேன். ஐவின்டின் கருத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. புது மரத்தில் பிசின் அடங்க வேண்டும். ஆணிகள் நிலைகொள்ள வேண்டும். பலகைகள் ஒருமுறையாவது குளிர்காலத்தில் சுருங்கி, கோடையில் விரிந்து, தமக்குரிய இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும். ஆகவே இச்சுவர்கள் குறைந்தது ஓராண்டு பூசப்படாமல் நிற்பது உசிதம். அதன்பின் முதல் பூச்சு. அது முழுமையாக இறுகிய பிறகு, அதாவது அதற்கடுத்த கோடையில், இரண்டாம் பூச்சு. மேற்குச் சுவரின் நிலையை அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டியிருக்கும். உன் கணவரின் விருப்பப்படி அதை விட்டுவிட நான் தயாராக இல்லை.

பூசி முடிக்காத வீட்டை ஒருவரிடம் விற்பது நேர்மையாகாது. இதைத் தரகருக்கு எழுதிவிட்டேன். பல் மருத்துவருக்கு வேறு வீடுகள் கிடைக்கும். பேர்கன் அறைகளையும் வேண்டாம் என்று தெரிவித்துவிட்டேன். நேரில் பார்த்தபோது அவற்றின் சுவர்கள் அளவுக்கு மீறிக் கனமாக இருந்தன. பக்கத்தில் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை.

இம்முடிவு முழுக்க முழுக்க மரத்தின் இயல்பு சார்ந்தது.

ஹால்வார்

❖

செப்டம்பர் 4

அண்ணா,

இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை. உன் கதவுக்கு அடியில் செருகுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் ஏப்ரலில் நீ எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் படித்தேன். ஆர்ன்ஃபினிடமும் காட்டினேன். அவர் இரண்டையும் படித்துவிட்டு, "வெறும் மரமா ஒரு வருஷம் நின்னா பலகை கெட்டுப்போகாதா?" என்றார். "கெடும்" என்றேன். "அப்ப சரி" என்றார்.

ஐவின்டை ஆலை வாசலில் பார்த்தேன். "உங்கண்ணன் சொன்னதுதாம்மா சரி, முதல்லயே பூசிடணும். அந்தப் புத்தகத்தை எனக்கும் படிக்கக் குடுத்தாரு. இனிமே எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் செய்யப்போறேன்" என்றார். "இதை எங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

நேற்று ஏணியைத் திருப்பி வைக்க உன் நிலவறைக்கு வந்தேன். மாடிப்படிக்கு அடியில் சாக்கு போட்டு மூடி ஏதோ அடுக்கியிருந்தது. சாக்கு பெயின்ட் டின்களின் உயரத்துக்கு எட்டவில்லை. டின்னில் ஒட்டியிருந்த சீட்டில் மே மாதத் தேதி இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வைக்கிறேன். ஒரு மணிக்கு வா. சீழ்க்கை அடிக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னார் ஆர்ன்ஃபின்.

மரத்தைப் பற்றி நீ எழுதியது சரிதான் அண்ணா. ஆனால் மேற்குச் சுவர் ரொம்ப மழை வாங்கும் இடம். அதற்கு ஒரு வருஷம் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வருஷம் விடலாம், மூன்றும் விடலாம். பலகை நரைக்கும். நரைத்தால் நரைக்கட்டும்.

யோருன்